பூங்காவோடு நின்றுவிடலாமா?

கல்லூரிச் சுற்றுலாக்களில் மேட்டூர் அணைக்கு என்றும் ஓர் இடமுண்டு. பேருந்தினின்றும் இறங்கியதும் மாணவர் கூட்டம் பூங்காவை நோக்கி விரைகின்றது. பொரித்த மீனைச் சுவைத்து, அணையின்முன் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுகின்றது. ‘அணையைக் கண்டோம்’ என்று கூறிக்கொள்கின்றோம். உண்மையில் நாம் கண்டது என்ன?

1925இல் பணி தொடங்கி 1934இல் நிறைவுற்ற இவ்வணை, 120 அடி நீர்மட்டம் வரை தேக்கவல்லது. நிரம்பினால் 93.47 டி.எம்.சி. நீர் அதனுள் அடங்கும். காவிரிப் பாசனத்திற்கென எழுந்த அணையில் 1937 முதல் மின்சாரமும் பிறந்து வருகின்றது. அணை மின் நிலையத்தின் திறன் 50 மெகாவாட். சுரங்க மின் நிலையத்தின் திறன் 200 மெகாவாட்.

உயரத்தில் தேங்கிய நீர் குழாய்வழிக் கீழிறங்கிச் சுழலியைச் சுழற்றுகின்றது. அதனோடு இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகின்றது. இதனால் நீரின் அளவு குறைவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய கதவணைகளில் அதே நீர் மீண்டும் மீண்டும் உழைக்கின்றது. ஒவ்வொன்றின் திறனும் 30 மெகாவாட். பாசனத்திற்கு நீர் திறக்கும் நாள்களில் மின் ஆக்கம் பெருகுவதும், நிறுத்தினால் ஒடுங்குவதும் இதனாலேயே. உழவரின் நெல்லும் நம் அறையின் விளக்கும் ஒரே நீரின் இரு பயன்கள் எனலாம்.

‘தமிழ் மாணவர்க்கு மின் நிலையம் எதற்கு?’ என்று நண்பர் ஒருவர் நம்மை வினவினார். மதகு, மடை, கலிங்கு என நீரை ஆளும் சொற்களைப் பண்டே படைத்துக்கொண்ட மொழி நம்முடையது. சுழலி, மின்னாக்கி என்னும் புதுச்சொற்களும் இன்று அவற்றோடு சேர்ந்துள்ளன. பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் மனனம் செய்வது கல்வியாகுமா?

ஓராண்டு முன்னிசைவு பெற்று மாணவர்களுடன் மின் நிலையத்துள் சென்றோம். காலடியில் தரை அதிர்ந்தது. விளையாட்டுப் பேச்சு தானே அடங்கிற்று. தஞ்சைப் பகுதி உழவர் வீட்டு மாணவர் ஒருவர், ‘ஐயா, எங்கள் வாய்க்காலுக்கு வருவது இந்தத் தண்ணீர்தானா?’ என்று மெல்லக் கேட்டார். பாடநூலின் பத்துப் பக்கங்கள் எழுப்பாத வினா அது.

காண வேண்டியது இன்னுமொன்று உண்டு. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் பழைய நந்திச் சிலையும் கிறித்தவக் கோவிலின் எச்சமும் வெளித் தோன்றுகின்றன. அங்கே ஊர்கள் இருந்தன. மக்கள் தொழுதனர், உழுதனர். நாட்டின் பயனுக்காக அவர்கள் தம் மண்ணைவிட்டு அகன்றனர். நாம் துய்க்கும் ஒளிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். அதனை அறியாது திரும்புவது நன்றி மறத்தலேயாகும்.

பூங்காவை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. இளையோர்க்குக் களிப்பும் வேண்டும். ஆயினும், புறப்படுமுன் ஒரு வகுப்பில் அணையின் வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். மின் நிலையத்தைக் காண உரிய இசைவினை முன்கூட்டியே பெறுதல் வேண்டும். அங்குள்ள பொறியாளர்கள் தமிழில் விளக்க முன்வருதல் வேண்டும். திரும்பியபின் ஒவ்வொரு மாணவரும் தாம் கண்டதை ஒரு பக்கமேனும் எழுதுதல் வேண்டும்.

அடுத்த சுற்றுலாவிற்குத் திட்டமிடும் ஆசிரியப் பெருமக்களும் மாணவச் செல்வங்களும் பூங்காவிற்குரிய பொழுதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்வார்களாக! அந்த ஒரு மணி நேரமே சுற்றுலாவைக் கல்வியாக்கும்.