ஆங்கில ஆசிரியருக்கு எந்தச் சங்கம்?

ஆசிரியர் தகுதித் தேர்வு தொடர்பாக 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து தமிழகத்து ஆசிரியர் சங்கங்களுக்கு உறக்கம் இல்லை. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்றால் யாருக்குத்தான் உறக்கம் வரும்? சீராய்வு மனு, ஆர்ப்பாட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தன. கோரிக்கை ஒன்றே ஒன்று: விலக்கு வேண்டும். அந்த வினாத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, 'இது எங்கள் தகுதியை அளக்கும் தேர்வுதானா?' என்று உரக்கக் கேட்ட சங்கம் எது?

கேட்டிருந்தால் நாடே சிரித்திருக்கும். ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் எழுத வேண்டிய இரண்டாம் தாளில் 150 வினாக்கள். குழந்தை மேம்பாட்டுக்கு 30, முதல் மொழிக்கு 30, ஆங்கிலத்துக்கு 30. மீதி 60? கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்தியவர் தன் தகுதியை மெய்ப்பிக்க ஆங்கிலத்தைப்போல இரு மடங்கு வரலாறும் புவியியலும் படிக்க வேண்டும். அந்த 30-லும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். வாயைத் திறந்து ஓர் ஆங்கில வாக்கியம் பேச வேண்டியதில்லை. மொத்தத்தில் ஆங்கிலம் ஐந்தில் ஒரு பங்கு! பட்டயக் கணக்காளருக்கு என்ன தேர்வு என்பதை அவர்களுடைய நிறுவனமே முடிவு செய்கிறது. வழக்குரைஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது. ஆங்கில ஆசிரியருக்காக இந்த ஐந்தில் ஒரு பங்கைத் தட்டிக் கேட்க யாரும் இல்லை.

சங்கம் இல்லாமலா? ஏராளமாக இருக்கின்றன. இடைநிலை ஆசிரியருக்கு, பட்டதாரி ஆசிரியருக்கு, முதுகலை ஆசிரியருக்கு, தலைமையாசிரியருக்கு என்று பதவிக்கொன்றாக, சில பதவிக்கு நான்கைந்தாக. ஊதியம், பணிமூப்பு, மாறுதல் கலந்தாய்வு, பழைய ஓய்வூதியம் ஆகியவற்றுக்காக அவை போராடுகின்றன, போராடட்டும். ஆனால், எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி எந்தச் செயற்குழுவின் தீர்மானத்திலும் ஏறுவதில்லை.

பாடத்துக்கென்று உள்ள அமைப்பும் புதிதன்று. இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் சென்னையில் 1974 ஆகஸ்டில் பதிவு செய்யப்பட்டது. தொடங்கியவர் கல்வியாளர் எஸ். நடராஜன். அதன் ஆய்விதழ் அதற்கும் மூத்தது, 1965 முதல் வருகிறது. அரை நூற்றாண்டு கண்ட இப்படியோர் அமைப்பு பல மாநிலங்களுக்குக் கிடையாது. ஆனால், நம் ஊரில் ஆங்கில ஆசிரியர் மாநாடு என்றால் காட்சி என்ன? பொறியியல் கல்லூரியின் குளிரூட்டிய அரங்கம், பதவி உயர்வுப் புள்ளிக்காக ஆளுக்குப் பத்து நிமிடம் கட்டுரை வாசிக்கும் உதவிப் பேராசிரியர்கள், கையில் ஒரு சான்றிதழ். ஒன்றியப் பள்ளி ஆசிரியர் அங்கே போக விடுப்பும் கிடையாது, பயணப்படியும் கிடையாது. நேபாளத்தில் 1992-இல் தொடங்கிய ஆங்கில ஆசிரியர் சங்கம் மலை மாவட்டங்கள் வரை கிளை விரித்திருக்கிறது. நமக்குச் சாலையும் இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது.

ஆங்கில ஆசிரியர்கள் கூட வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு 27,000 என்ற எண் நினைவுக்கு வரும். சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். அன்றைய சென்னை மாநிலத்தில் 1959-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கும் புதிய முறையில் மறுபயிற்சி அளிப்பது இலக்கு. பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டங்களில் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று 1962-இல் இங்கிலாந்து ஆய்விதழில் தலைப்பிட்டே எழுதினார்கள். உலகம் வியந்த முயற்சி அது. பிறகு? இயக்கம் முடிந்தது, பயிற்றுநர்கள் கலைந்தார்கள், பயிற்சி பெற்றவர் தத்தம் பள்ளிக்குத் திரும்பித் தனி ஆளானார். வகுப்பில் அந்த முறை இடறியபோது கேட்க ஆள் இல்லை. திருத்திக்கொள்ளக் கூட்டம் இல்லை. சங்கம் பதிவானது இயக்கம் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து! அந்த 27,000 பேரும் அன்றே வட்டாரந்தோறும் ஒரு மன்றமாகக் கூடியிருந்தால் இன்று தகுதித் தேர்வே தேவைப்பட்டிருக்காது என்பது என் துணிபு.

இதற்கு நேர்மாறான கதையும் நம்முடையதுதான். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் ஆகிய ஊர்களில் ஒரு சில பள்ளிகளில் மட்டும் மொழிக்கல்வி அறிஞர் என்.எஸ். பிரபுவும் சில ஆசிரியர்களும் சேர்ந்து பாடம் நடத்தினார்கள், ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்தார்கள், கூடி விவாதித்தார்கள். இலக்கணத்தை முன்வைக்காமல் பணிகளைக் கொடுத்து மொழி கற்பிக்கும் முறைக்கு உலகமே இன்று அதை மேற்கோள் காட்டுகிறது. கூடிப் பேசிய சிறு குழு சாதித்தது அது.

அப்படிக் கூடிப் பேச என்ன இருக்கிறது என்பதற்கு, இனி தருவைகுளத்துக்கு வருவோம். தூத்துக்குடிக்கு வடக்கே, ஒட்டப்பிடாரம் வட்டத்துக் கடற்கரை. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோன இந்தக் கரையில், தருவைகுளத்துப் படகுகளின் பிழைப்பு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலில். 2023 அக்டோபரில் இவ்வூர் மீனவர்கள் 12 பேர் மாலத்தீவுக் கடற்காவலரிடம் சிக்கினார்கள். 2024 ஆகஸ்டில் 22 பேர் இலங்கைக் கடற்படையிடம். எல்லைச் சிக்கலை ஆங்கிலம் தீர்க்காது, தெரியும். ஆனால், நடுக்கடலில் படகில் நீர் ஏறினால் வானொலியில் எப்படிக் கூப்பிடுவது? 16-ஆம் அலைவரிசை. மூன்று முறை 'மேடே'. படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர். கடலில் பேசுவதற்கென்றே எளிய ஆங்கிலத் தொடர்களைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுவைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? எண்கள், திசைகள், நிகழ்காலம், வேண்டுகோள் எல்லாம் ஐந்து வரிக்குள். அப்பா கடலில் இருக்கும் பிள்ளை அதைத் தூங்கிக்கொண்டே படிக்குமா?

அந்த ஊரில் ஓர் ஆசிரியை இதை இன்றே செய்துகொண்டிருக்கலாம். வேம்பாரிலோ மணப்பாட்டிலோ இருக்கும் ஆங்கில ஆசிரியருக்கு அது எப்படித் தெரியும்? ஆசிரியர் பயிற்சிக்கான குறுவள மையத்தில் சனிக்கிழமைகளில் கூடுகிறார்களே என்பார்கள். கூடுகிறார்கள்! சென்னையிலிருந்து வந்த படவில்லைகளைக் கருத்தாளர் வாசிப்பார், தேநீர் வரும், குழுப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் ஏற்றுவார்கள், கையெழுத்து, வீடு. கடலோரத் தருவைகுளத்துக்கும் மலைமேல் தாளவாடிக்கும் ஒரே படவில்லை. கற்றதைச் சகாக்களுக்குத் தருவது இந்தக் கரைக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் இதே முத்துக்குளித்துறையில் தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார், தாம் கற்றதை இலக்கணமாகப் போர்த்துகீசிய மொழியில் எழுதித் தம் சக பாதிரிமாருக்குத் தந்தார். அவரிடம் எந்த இயக்குநரகமும் அறிக்கை கேட்கவில்லை.

'செயலி வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவு சொல்லித்தரும்' என்பவர்களுக்குப் பதில் எழுதி இடத்தை வீணாக்கப்போவதில்லை. 'அரசின் அனுமதி இல்லாமல் ஆசிரியர்கள் கூடினால் அரசியல் பேசுவார்கள்' என்னும் அதிகாரிகளுக்கு: இப்போது மட்டும் தேநீர் வேளையில் என்ன பேசுகிறார்களாம்? 'முதலில் விலக்கு, பிறகு பார்க்கலாம்' என்னும் சங்கத் தலைவர்களோ அந்தப் 'பிறகு'வை நான் அறிந்த காலம் முழுவதும் சொல்லிவருகிறார்கள்.

அடுத்த கல்வியாண்டிலிருந்து ஆங்கிலத்துக்கான குறுவள மையப் பயிற்சியை அடியோடு நிறுத்துங்கள். அந்தப் பணத்தையும் சனிக்கிழமையையும் ஒன்றியந்தோறும் ஆங்கில ஆசிரியர் மன்றத்திடம் ஒப்படையுங்கள். வருபவருக்கு 'ஆன் டியூட்டி' கொடுங்கள். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்து எழுதும் குறிப்பே பணியிலிருக்கும் ஆங்கில ஆசிரியருக்குத் தகுதிச் சான்று, அந்த 150 வினா வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தையே திருத்த வேண்டியிருக்கும் என்பார்கள், திருத்தட்டும். முதல் கூட்டத்தைத் தருவைகுளத்திலேயே வைக்கலாம். மீன்வளத் துறை ஒரு வானொலிக் கருவியை இரவல் தந்தால் போதும். கருத்தாளராக, மாலத்தீவுக் கடல் வரை போய்வந்த படகு ஓட்டுநர் ஒருவரை அழையுங்கள், பயணப்படி மிச்சம்.