தமிழ்ப் பாடவேளையில் ஒரு காந்தம்

சிங்கப்பூரில் அறிவியல் பாடம் தொடக்கநிலை 3இல் ஆரம்பமாகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை அதில் முதலில் சந்திக்கும் தலைப்புகளில் ஒன்று, நாம் அன்றாடம் புழங்கும் பொருள்கள். மரம், உலோகம், ரப்பர், துணி, கண்ணாடி, பிளாஸ்டிக். எது வளையும், எது நீரை உறிஞ்சும், எது மிதக்கும். கையால் படிக்க வேண்டிய பாடம். ஆனால் விடையில் குறிப்பிட்ட சொல் வராவிட்டால் மதிப்பெண் போய்விடுமோ என்ற அச்சத்தில் பல வீடுகளில் அது பயிற்சிப் புத்தகத்தை மனப்பாடம் செய்யும் வேலையாகிவிடுகிறது.

தொடக்கநிலை 1, 2இல் அறிவியல் தனிப் பாடமாக இல்லை. 2019 முதல் அந்த வகுப்புகளுக்கு மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகளும் கிடையாது. அந்த இரண்டு ஆண்டுகளில், பொருள்களைத் தொட்டறியும் பாடத்தைத் தமிழ் வகுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

வேண்டிய சாமான்கள் தேக்கா சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். வாழையிலையில் தண்ணீர் தெளித்தால் உருண்டோடும், மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால். செய்தித்தாளில் தெளித்தால் ஊறிவிடும். காய்ந்த வாழைநார் முறியும், நனைத்தது வளையும். நாரில் பூத்தொடுப்பவர்கள் அதை ஈரமாக்கிக்கொள்வது அதனால்தான். புது மண் அகல் எண்ணெயைக் குடிக்கும். பித்தளை விளக்கு குடிக்காது, ஆனால் நாளடைவில் கறுக்கும். புளி போட்டுத் தேய்த்தால் மீண்டும் பளிச்சிடும்.

எல்லாவற்றிலும் சுவையானது எவர்சில்வர் டம்ளர். எஃகைக் காந்தம் ஈர்க்கும் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டு டம்ளரில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒட்டாது. எவர்சில்வரும் எஃகுதான், ஆனால் நிக்கல் சேரும்போது உள்ளே இரும்பு அணுக்களின் அடுக்கு மாறிவிடுகிறது. இத்தனைக்கும் நிக்கல் தனியாக இருந்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும்! ஏழு வயதுப் பிள்ளைக்கு அணுக்கணக்கு வேண்டாம். படித்ததும் பார்த்ததும் முரண்படும்போது "ஏன்?" என்று கேட்கப் பழகினாலே போதும்.

இதைத் தமிழில் ஏன் செய்ய வேண்டும்? வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. பொங்கல், தீபாவளி, கோலம் என்று பண்டிகைகளோடு தமிழை நிறுத்திக்கொண்டால், சிந்திப்பதற்கும் வாதிடுவதற்கும் ஆங்கிலமே உரியது என்று பிள்ளை தானாகவே முடிவுகட்டிவிடும்.

ஆங்கிலத்தில் தேர்வெழுதும் பிள்ளை குழம்பாதா என்று பெற்றோர் கேட்கலாம். நாரை நனைத்து வளைத்துப் பார்த்த பிள்ளைக்குப் பின்னர் வரும் ஆங்கிலச் சொல் ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் பெயர்தான். தமிழாசிரியர்களின் தயக்கத்தில் கூடுதல் நியாயம் இருக்கிறது: ஏற்கெனவே பாடவேளை போதவில்லை, அறிவியல் கற்பிக்க அவர்கள் பயிற்சி பெற்றவர்களும் அல்லர். ஆகவே புதிய சுமையாக இது வரக்கூடாது. வாசிப்புப் பகுதி ஒன்றை நீக்கி, அந்த இடத்தில் கல்வி அமைச்சு இதை வைக்க வேண்டும். பொருள்களையும் ஆசிரியர் கையேட்டையும் அமைச்சே தர வேண்டும். 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், பழம்பொருள்களைக் கண்ணாடிக்குள் காட்டுவதோடு பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு மேசையும் போடலாம். அடுத்த பாடநூல் திருத்தம் வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. விரும்பும் பள்ளிகள் அடுத்த தவணையிலேயே தொடங்க அமைச்சு அனுமதிக்கட்டும்.