இருளுக்கும் வர்ணம் உண்டு

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில், அந்தி கழிந்தபின் நின்றிருக்கிறீர்களா? படகு விளக்குகளின் ஒளி தண்ணீரில் நீள நீளமாய் நெளியும். அக்காட்சியைத் தைலவர்ணத்தில் தீட்ட ஆசைப்பட்டு, கித்தானில் விளக்குத் தோறும் வெள்ளை வர்ணத்தை அப்பினேன். வீட்டார் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு தெறித்துவிட்டதா?" என்றார்கள்!

பிழை விளக்கில் இல்லை; இருட்டில் இருந்தது. வர்ணம் தானாக ஒளிவிடாது. சுற்றியுள்ள இருளே அதைப் பிரகாசிக்கச் செய்கிறது. அவ்விருளும் வெறுங் கறுப்பாயிருத்தல் கூடாது. அல்ட்ராமரீன் நீலத்தில் அம்பர் பழுப்பைக் குழைத்தால் கறுப்புக்கில்லாத ஆழம் உண்டாகும். அதை முதலில் மெல்லெனப் பூச வேண்டும். பிறகு விளக்கைச் சுற்றி மங்கிய செம்மஞ்சள் வளையம். கடைசியில்தான் நடுவே கெட்டியாக ஒரு வெளிர்மஞ்சள் பொட்டு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுந்தும் இருக்க வேண்டும்; மாறினால் நாளடைவில் வெடிப்பு விடும்.

வர்ணத்தைத் தெறித்தவன் என்ற பழி எனக்கு முன்பே ஒரு மகாசித்திரக்காரருக்கும் வந்ததுண்டு. லண்டனின் இரவு வாணவேடிக்கையைத் தீட்டிய விஸ்லர், சட்டி வர்ணத்தை ஜனங்களின் முகத்தில் எறிந்ததாக 1877-இல் ரஸ்கின் ஏளனம் செய்தார். விஸ்லர் வழக்குத் தொடுத்து, 1878-இல் ஜெயித்தும் விட்டார். கிடைத்த நஷ்டஈடு? ஒரே ஒரு பார்த்திங், அதாவது காற்பென்னி! செலவு தாங்காமல் மறுவருஷமே திவாலானார். அந்தப் படம் இப்போது அமெரிக்காவில் டெட்ராயிட் நகரச் சித்திரசாலையில் இருக்கிறது.

நான் என் வெள்ளைப் பொட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். ஆருத்திரா இரவில் சிதம்பரம் கீழவீதியில் போய் உட்காருவதாக உத்தேசம்.