அழுத்தமும் சொல்லின் ஓர் உறுப்பே

நம் பள்ளி மாணவர்கள் ஆங்கிலச் சொற்களைப் பிழையற எழுதுவதற்குப் பெரிதும் பாடுபடுகின்றனர். வாரந்தோறும் சொல்வதெழுதுதல் நடைபெறுகிறது. வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோரும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்கின்றனர். இம்முயற்சி போற்றுதற்குரியதே. ஆயினும், எழுத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் அதே பிள்ளை புகுமுக வகுப்புக்கோ முதலாம் படிவத்துக்கோ சென்றதும் ஆங்கில வேளையில் வாய் திறக்கத் தயங்குவதைப் பலரும் கண்டிருப்பர். தான் சொல்வது பிறர்க்கு விளங்கவில்லை, பிறர் சொல்வது தனக்கு விளங்கவில்லை என்னும் கூச்சம் அப்பிள்ளையை அடக்கிவிடுகிறது. இதற்குக் காரணங்கள் பலவாயினும், நாம் கற்பிக்காமலே விட்டுவிடுகின்ற காரணம் ஒன்று உண்டு. அதுவே சொல்லழுத்தம்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டோ அதற்கு மேலோ அசைகள் இருக்குமாயின், அவற்றுள் ஒன்று மற்றவற்றைக் காட்டிலும் உரத்தும், சற்று நீண்டும், பெரும்பாலும் குரல் உயர்ந்தும் ஒலிக்கும். (ஈண்டு அசை என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு, யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசையோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா.) அந்த அழுத்தம் எந்த அசையில் விழும் என்பது சொல்லோடு பிறந்தது. பேசுவோர் தம் விருப்பம்போல் அதனை இடம் மாற்ற இயலாது.

தமிழில் இத்தகைய ஏற்பாடு இல்லை. ஓர் அசையை உரத்துச் சொன்னால் சினமோ வியப்போ புலப்படுமேயன்றிச் சொல்லின் பொருள் மாறுவதில்லை. நமக்குப் பொருளை மாற்றுவது மாத்திரை. 'படம்' என்பதில் ஒரு மாத்திரை கூடினால் 'பாடம்' ஆகிவிடும். அயல்நாட்டார் ஒருவர் "நேற்றுப் பாடம் பார்க்கப் போனேன்" என்று கூறினால், அவர் திரைப்படத்தைச் சொல்கிறார் என்று உணர்வதற்குள் நாம் ஒரு கணம் திகைத்து நிற்போம். அழுத்தம் இடம் மாறிய சொல்லைக் கேட்கும் ஆங்கிலேயரும் அவ்வாறே திகைக்கின்றனர். ஆங்கிலம் பேசி வளர்ந்தோரின் செவி, வலிய அசையையே பெரும்பாலும் சொல்லின் தொடக்கமாகக் கொண்டு, ஓடும் பேச்சைச் சொற்களாகப் பிரித்துக்கொள்கிறது என்பதை ஆன் கட்லர் முதலிய ஆய்வாளர்கள் 1980-களில் எடுத்துக்காட்டினர். நம் பிள்ளைகள் நாளும் கேட்டுப் பேசும் மலாய் மொழியிலும் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அசைகள் ஏறத்தாழ ஒரே சீராக நடக்கின்றன. ஆகவே இரு மொழிகளின் பழக்கத்தோடும் ஆங்கிலத்துக்குச் செல்லும் நம் மாணவர்க்கு இது முற்றிலும் புதிய செய்தியாகும்.

அழுத்துவது எளிது, மற்ற அசைகளைத் தளர விடுவதே கடினம். அழுத்தம் பெறாத அசையின் உயிரொலி ஆங்கிலத்தில் பெரும்பாலும் குறுகித் தேய்ந்துவிடுகிறது. வாழைப்பழத்தைக் குறிக்கும் 'பனானா' என்னும் சொல்லைப் பாருங்கள். எழுத்தில் ஒரே உயிரெழுத்து மூன்று முறை வருகிறது. ஒலிப்பிலோ நடுவில் உள்ளது மட்டுமே முழுமையாக ஒலிக்கிறது. முன்னும் பின்னும் உள்ளவை வாய் திறந்தும் திறவாமலும் நழுவிச் செல்கின்றன. இதனை ஆங்கிலேயரின் விந்தை என்று எண்ணுவோர் தம் தாய்மொழியையே உற்றுக் கேட்கட்டும். 'உப்பு' என்னும் சொல்லின் முதலிலும் உகரம், ஈற்றிலும் உகரம். முதல் உகரத்துக்கு இதழைக் குவிக்கிறோம். ஈற்று உகரத்துக்கு எவரும் அவ்வாறு குவிப்பதில்லை. அதனைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டு, அரை மாத்திரை என்று அளந்தும் வைத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். ஐகாரக்குறுக்கமும் நமக்கு உண்டு. எழுத்து முழுமையாக நிற்க, ஒலி குறுகும் என்னும் உண்மையைத் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதாகப் புகட்ட வேண்டியதில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருநாள் சேர்ந்து அமர்ந்து இதனைப் பேசினால் அரைமணி நேரத்தில் பாடத்திட்டம் கிடைத்துவிடும் என்பது என் கருத்து.

தோட்டத்து வழக்கிலிருந்தே சான்று காட்டலாம். நாம் 'மேனேஜர்' என்கிறோம். இரண்டாம் அசையை நீட்டி ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் முதல் அசையே வலியது. அடுத்தது 'நி' என்னும் அளவுக்குக் குறுகி விடும். 'ஆபீஸ்' என்பதிலும் அவ்வாறே. வலிமை முதலசைக்கு உரியது, பின்னது குறில். தமிழுக்குள் வந்து தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்ட இவற்றைத் தமிழ் பேசும்போது நம் வழக்கப்படியே சொல்லலாம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசும்போது அவற்றுக்கு அம்மொழியின் நடையைத் திருப்பித் தர வேண்டும்.

எண்களில் இதன் பயன் கைமேல் தெரியும். தமிழில் பதின்மூன்றையும் முப்பதையும் எவரும் மாற்றிக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் அண்டை வீட்டார். 'தர்ட்டி' என்பதில் முதலசை வலியது. 'தர்ட்டீன்' என்பதைத் தனித்துச் சொல்லும்போது இரண்டாம் அசை வலியது. ஈற்று ஒற்றைத் தெளிவாக ஒலிக்காமல், முதலசையையும் அழுத்திவிட்டால் 13 ரிங்கிட் 30 ரிங்கிட்டாகச் செவியில் விழும். மருந்தகத்தில் 15, 50 என்னும் அளவுகளைச் சொல்லும்போது இத்தகைய மயக்கம் வருமாயின் அது சிரித்துவிட்டுப் போகத்தக்கது அன்று.

ஒரே எழுத்துகளால் ஆன சொல், அழுத்தம் மாறுவதனால் பெயராகவும் வினையாகவும் மாறுவதும் உண்டு. 'பெர்மிட்' என்பதன் முதலசையை அழுத்தினால் கையில் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டு. இரண்டாம் அசையை அழுத்தினால் அனுமதித்தல். 'ரெக்கார்ட்' என்பதும் அவ்வாறே. எல்லாச் சொற்களும் இப்படி இருப்பதில்லை. விடையைக் குறிக்கும் 'ஆன்சர்' பெயராயினும் வினையாயினும் முதலசையிலேயே நிற்கும்.

இனி, பலர் மனத்தில் உள்ள தடையைச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் ஆங்கிலம் நெடுங்காலம் துரைமார் மொழியாகவே இருந்தது. அந்நினைவு இன்னும் முற்றாக மறையவில்லை. பிள்ளை ஒரு சொல்லைச் சரியான அழுத்தத்தோடு சொன்னால், "பெரிய துரை ஆகிவிட்டான்" என்று வீட்டிலேயே நகைப்பவர்கள் உண்டு. வகுப்புத் தோழர்கள் நகைப்பது அதனினும் கொடிது. ஒருமுறை நகைக்கப்பட்ட பிள்ளை மறுமுறை வேண்டுமென்றே தட்டையாகச் சொல்லிவிட்டு அமர்கிறது. பெற்றோர்களே, வெள்ளையர் போல் மூக்காலும் நாவாலும் நடித்துப் பேசுவது வேறு. சொல்லின் அழுத்தத்தைச் சரியாக இடுவது வேறு. மலேசியர் மலேசியராகவே ஒலிக்கலாம். அழுத்தம் சரியாக இருப்பின் அவர் பேச்சு இலண்டனிலும் விளங்கும், சிட்னியிலும் விளங்கும்.

மறுப்புரையும் இல்லாமல் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் தம்முள் உரையாடுவதற்குத் தேவையான ஒலிப்புக் கூறுகளைத் தொகுத்தார். வாக்கியத்தில் முதன்மையான சொல்லை அழுத்துவதை அதில் சேர்த்தவர், சொல்லழுத்தத்தை அவ்வாறு சேர்க்கவில்லை. அறிஞர் கருத்தை மதிக்கிறேன். எனினும், வாக்கியத்தில் ஒரு சொல்லை அழுத்த வேண்டுமாயின் அதன் எந்த அசையில் அழுத்துவது என்பது தெரிந்திருக்க வேண்டாமா? நம் பிள்ளைகள் பலதிறத்தாரோடும் பேச வேண்டியவர்கள். பேசுவதோடு கேட்கவும் வேண்டியவர்கள். 2021-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஒரு தாளும் கேட்டு விடையளிப்பதற்கு ஒரு தாளும் இடம்பெற்றுள்ளன. தளர்ந்து தேயும் அசைகளைக் கேட்டுப் பழகாத செவி, ஒலிநாடாவில் வரும் அறிந்த சொல்லையும் அறியாத சொல்லாகவே கொள்ளும்.

கற்கும் வழி செலவில்லாதது. அமெரிக்க ஆசிரியை ஜூடி கில்பர்ட் பரிந்துரைத்த முறை ஒன்று நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அகன்ற ரப்பர் பட்டையை இரு கட்டைவிரல்களிலும் மாட்டிக்கொண்டு, வலிய அசை வரும்போது இழுக்க வேண்டும். மெலிந்த அசைக்குத் தளர்த்த வேண்டும். அழுத்தம் என்றால் கத்துவது என்னும் தவறான எண்ணத்தை இது போக்கிவிடுகிறது. நீட்டலும் குறுக்கலும் கைக்கே விளங்குகின்றன. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ரப்பரே ஆசிரியர் ஆவது பொருத்தந்தானே!

சில விதிகளும் துணை செய்யும். 'ஷன்' என்று முடியும் சொற்களில் அழுத்தம் அதற்கு முந்திய அசையில் விழும். 'எஜுகேஷன்' என்பதில் 'கே', 'எக்சாமினேஷன்' என்பதில் 'னே' வலியவை. 'இக்' என்று முடிவனவும் பெரும்பாலும் அவ்வாறே. 'எலெக்ட்ரிக்' அதற்குச் சான்று. ஆனால் கணக்கைக் குறிக்கும் 'அரித்மெட்டிக்' அவ்விதிக்கு அடங்காமல் இரண்டாம் அசையில் போய் நிற்கிறது. ஒளிப்படச் சொற்களோ ஓடி விளையாடுகின்றன: 'ஃபோட்டோகிராஃப்' முதலசையில், 'ஃபோட்டோகிராஃபர்' இரண்டாம் அசையில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாம் அசையில். ஆகையால் விதியை நம்பி அகராதியை மறந்துவிடலாகாது. மாணவர்க்குரிய இன்றைய அகராதிகள் பலவற்றில் ஒலிப்புக் குறியீட்டுக்கு நடுவே, வலிய அசைக்கு முன்னால், மேற்புறத்தில் ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அக்கோட்டைக் காணாமலே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நம்மில் ஏராளம்.

வரும் ஆண்டில் வகுப்பறைச் சுவர்களில் ஒட்டும் ஆங்கிலச் சொற்பட்டியல்களில், ஒவ்வொரு சொல்லிலும் வலிய அசையின் கீழ் ஒரு புள்ளி வைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்வதெழுதுதல் ஏட்டில் எழுத்துக்கு ஒரு மதிப்பெண் தருவதுபோல், மாணவர் சரியான இடத்தில் இடும் அப்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண் தரலாம். வீட்டில் எழுத்துக்கூட்டிக் கேட்கும் பெற்றோர், ஆங்கிலம் அறியாதவராயினும், "புள்ளி எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.