வராத பணத்துக்கு வரி

பரிதாபாத்தின் குறுந்தொழில் பட்டறை ஒன்று பெரிய வாகன நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய்க்கு உதிரி பாகங்கள் அனுப்புவதாகக் கொள்வோம். அதற்கான ஜிஎஸ்டி 18,000 ரூபாய். பில் தொகை வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. வாங்கிய நிறுவனமோ ஒரு காசும் கொடுக்காமலேயே அந்த 18,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். பில்லைத் தீர்க்க 180 நாள் அவகாசம். கடன் வாங்கிக் கட்டியவர் பட்டறைக்காரர், கழித்துக்கொள்பவர் பெருமுதலாளி!

ஜிஎஸ்டிக்கு முந்தைய சேவை வரியில், 50 லட்சம் ரூபாய் வரையிலான சேவை வழங்கிய தனிநபர்களுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் பணம் கைக்கு வந்தபின் வரி செலுத்தும் வாய்ப்பு இருந்தது. 2017 ஜூலையில் அது பறிபோனது.

சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் தராத தொகையை, தரும் ஆண்டு வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்றது 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம். நல்ல விதிதான். ஆனால் ஏப்ரல் பில்லை மறு மார்ச்சில் தீர்த்தாலும் அந்த விதி தீண்டாது. தாமதத்துக்கு வட்டி கேட்க வேறு சட்டம் உண்டு. கேட்டவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்காது.

2019இல் ஓர் அவசரச் சட்டத்தாலேயே கார்ப்பரேட் வரியை 22 சதவீதமாகக் குறைத்தது ஒன்றிய அரசு. அந்த வேகத்தை இங்கும் காட்டட்டும். 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளோர் பணம் வந்தபின் வரி செலுத்தவும், வாங்குவோர் பில்லைத் தீர்த்தபின் மட்டுமே வரவு எடுக்கவும் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும்.