எக்ஸைப் புறக்கணிக்கச் சொன்னது யாரு?

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில அயனிச் சமநிலை பாடத்தைத் தாண்டி வந்த மக்களுக்கு இந்த வரி கண்டிப்பா ஞாபகம் இருக்கும்: "எக்ஸ் மிகச் சிறியது, எனவே புறக்கணிக்கலாம்."

வலிமை குறைந்த அமிலத்தோட பிஹெச் கண்டுபிடிக்க எக்ஸ்² / (சி − எக்ஸ்) = கே-ன்னு ஒரு சமன்பாடு வரும். சி நாம போட்ட அமிலத்தோட செறிவு, எக்ஸ் பிரிஞ்சு வந்த ஹைட்ரஜன் அயனியோட செறிவு, கே பிரிகை மாறிலி. கீழே இருக்கிற மைனஸ் எக்ஸைத் தூக்கிக் கடாசிட்டா, கே-யையும் சி-யையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாப் போதும். ஆளை விடு சாமி!

கடாசுறது தப்புன்னு சொல்ல வரலை. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு (கே = 1.8 × 10⁻⁵) குறுக்குவழியில பிஹெச் 2.872. பத்தாம் வகுப்பு இருபடிச் சூத்திரத்தைப் போட்டு முழுசா தீர்த்தா 2.875. கே-யோட மதிப்பையே ரெண்டு இலக்கத்துக்குத்தான் கொடுத்திருக்காங்க. இதுல மூணாவது தசமத்துக்குச் சண்டை போடுறவன் வேலை வெட்டி இல்லாதவன்.

அதே அமிலத்தை 10⁻⁵ மோலாருக்கு நீர்த்துப் பாருங்க. குறுக்குவழி, எக்ஸ் = 1.34 × 10⁻⁵ங்கும். அதாவது போட்டதை விட பிரிஞ்சது அதிகம்! 100 ரூபாய் நோட்டை நீட்டி 134 ரூபாய் சில்லறை வாங்கின கதை. இருபடிச் சூத்திரம் ரெண்டு விடை தரும். ஒண்ணு நெகட்டிவ், செறிவு அப்படி இருக்க முடியாது, தள்ளிடலாம். இன்னொண்ணு 7.16 × 10⁻⁶, அதாவது 72 சதவீதம் பிரிஞ்சிருக்கு.

இதாவது பார்த்ததும் பல்லிளிச்சுடும். 0.01 மோலார் குளோரோ அசிட்டிக் அமிலம் (கே = 1.4 × 10⁻³) இன்னும் மோசம். குறுக்குவழியில பிஹெச் 2.43, முழுக்கணக்குல 2.51. பார்க்க ரெண்டும் நல்ல பிள்ளைதான், ஆனா ஹைட்ரஜன் அயனி அளவுல 20 சதவீதம் பிழை. மார்க் போடுறவருக்கும் தெரியாது.

எங்க வகுப்புல ஒருத்தன், "எவ்வளவு சின்னதா இருந்தா விடலாம் சார்?"னு கேட்டான். "புக்குல விட்டிருந்தா விடு"ன்னு பதில் வந்துச்சு. என் கடுப்பு இதுலதான். கிடைச்ச எக்ஸை சி-யால வகுத்துப் பாரு, 5 சதவீதத்துக்குள்ள இருந்தா சரி, தாண்டினா இருபடிக்குப் போ. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

குறுக்குவழிக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. லாக் டேபிளுக்குப் பெருக்கத் தெரியும், கூட்டத் தெரியாது. வர்க்கமூலம்னா லாக்கைப் பாதியாக்கினா முடிஞ்சுது. இருபடிச் சூத்திரத்துல மூலக்குறிக்குள்ளேயே ஒரு கூட்டல் உட்கார்ந்திருக்கு. ஆன்டிலாக் பார்த்து, கூட்டி, மறுபடி லாக் பார்த்து... பரீட்சை ஹால்ல பாவம்தான். அதுக்காக வீட்டுப்பாடத்துலயுமா?

பொட்டி தட்டுற மக்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ப்ரோக்ராம்ல சூத்திரத்தை அப்படியே அடிச்சுட்டு நிம்மதியா தூங்கிடாதீங்க. கே 10⁶, சி 0.001னு ஒரு வலிமையான அமிலத்தைக் கொடுத்து 32 பிட் ஃப்ளோட்ல ஓட்டினா எக்ஸ் பூஜ்யம்னு வரும். 10¹² பக்கத்துல 4000-த்தைக் கூட்டினா அந்த 4000 காணாமப் போயிடும், அப்புறம் கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்லை. கழித்தலே வராத மாதிரி 2கேசி / (கே + √(கே² + 4கேசி))-ன்னு மாத்தி எழுதுங்க, 0.001 சமர்த்தா வந்துடும் :-)