லோகோவிலேயே நிற்கிறதா?

“லோகோவுலயே நிக்குதுண்ணே” என்று டேப்லெட்டை நீட்டினால், சர்வீஸ் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “சாஃப்ட்வேர் போடணும். டேட்டா எல்லாம் போயிடும், பரவால்லையா?” கணினி வைத்திருக்கும் யாரும் இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் மாடலுக்கான ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது போட வேண்டிய அந்தச் சாஃப்ட்வேரை, டேப்லெட்டைத் தயாரித்த கம்பெனி வெளியிட்டிருக்க வேண்டும்.

லோகோவில் நிற்கும் டேப்லெட் செத்துவிடவில்லை. ஆண்ட்ராய்டு எழுவதற்கு முன்பே ஓடத் தொடங்கும் பூட்லோடர் என்ற சிறு புரோகிராம் அதில் தனியாக இருக்கிறது. அப்டேட் பாதியில் நின்று மேலே உள்ள சிஸ்டம் குழம்பிப்போனாலும், பூட்லோடர் பிழைத்திருந்தால் யுஎஸ்பி வழியாகக் கணினி சொல்வதைக் கேட்டுக்கொள்ளும். அதுவும் போய்விட்டால்? பெரும்பாலான சிப்புகளில், தயாரிக்கும்போதே பதித்துவிட்ட, அழிக்கவே முடியாத இன்னொரு துவக்கப் புரோகிராம் உண்டு. ஆக, வழி அநேகமாக எப்போதும் இருக்கிறது. இல்லாமல் போவது கோப்புதான்.

கூகுளும் ஆசுஸும் சேர்ந்து 2012-ல் கொண்டுவந்த நெக்ஸஸ் 7 நினைவிருக்கிறதா? ஏழு அங்குலத் திரை, 1 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 4.1. 2014 கடைசியில் அதற்கு 5.0 வந்தது. வந்ததும் டேப்லெட் நத்தையாகிவிட்டது என்று வைத்திருந்த பலரும் புலம்பினார்கள். ஆனால் அந்த மாடலுக்கான பழைய பதிப்புகளையும் கூகுள் தன் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே வைத்திருந்தது. 4.4.4-ஐ இறக்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியானவர்கள் நிறையப் பேர்.

செய்முறையும் எளிதுதான். வால்யூமைக் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால், வயிறு திறந்து மல்லாந்து கிடக்கும் பச்சை ரோபோ திரையில் வரும். கணினியில் ஃபாஸ்ட்பூட் என்ற சின்னப் புரோகிராம் இருக்க வேண்டும். முதலில் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும். சம்மதமா என்று டேப்லெட்டே கேட்டுவிடும். பிறகு ‘ஃபிளாஷ்-ஆல்’ கோப்பை ஓடவிட்டால், கறுப்பு ஜன்னலில் பூட்லோடர், பூட், ரெக்கவரி, சிஸ்டம் என்று வரிவரியாக ஏறும்; ஒவ்வொன்றும் முடிந்ததும் ‘ஓகே’ விழும். சிஸ்டம் மட்டும் கொஞ்சம் இழுக்கும். அதுவரை கேபிளை அசைக்காமல் இருப்பதுதான் நம் வேலை. (வைஃபை மாடலுக்குக் கூகுள் வைத்த உள்பெயர் குரூப்பர், சிம் போடும் மாடலுக்குத் திலாப்பியா, நம் ஊர் ஜிலேபி மீன்! மீன் மாறாமல் கோப்பை எடுக்க வேண்டும்.)

கேபிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சில மலிவு கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. சார்ஜ் ஏறுகிறதே என்று நம்பி, கணினியில் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருப்போம். கணினி டேப்லெட்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஹப்பில் செருகாமல் கணினியில் நேராகச் செருகுங்கள்.

ஐபேடில் கதை கொஞ்சம் வேறு. பட்டன்களைப் பிடித்து ரெக்கவரி மோடில் வைத்துக் கணினியில் செருகினால், கணினித் திரையில் ‘அப்டேட்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டு பட்டன்கள் வரும். பதற்றத்தில் ரீஸ்டோரை அமுக்கிவிடாதீர்கள், எல்லாம் போய்விடும். அப்டேட் என்றால், படங்களை விட்டுவைத்துச் சிஸ்டத்தை மட்டும் மறுபடி போடப் பார்க்கும். கோப்போ பல ஜிபி. இறங்க 15 நிமிடத்துக்கு மேலானால் ஐபேட் தானாக ரெக்கவரி மோடிலிருந்து வெளியே வந்துவிடும். இறங்கி முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி பட்டன்களைப் பிடிக்க வேண்டியதுதான். நினைத்தபடி பழைய பதிப்புக்குத் திரும்பவும் முடியாது. ஆப்பிளின் சர்வர் கையொப்பம் தந்தால்தான் எந்தப் பதிப்பும் ஏறும். பழையவற்றுக்கு அது கையொப்பம் தருவதை நிறுத்திவிடும். காசு கொடுத்து வாங்கியவன் கையில் இந்த முடிவு இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கோப்பு என்று ஒன்று கிடைக்கிறதே!

பல மலிவு டேப்லெட்டுகளில் அதுவும் இல்லை. உறவுக்காரப் பையன் படிக்க வாங்கிய ஒன்று இப்படித்தான் லோகோவில் நின்றது. கம்பெனி தளத்தில் கோப்பு கிடையாது. கடைக்காரத் தம்பி அதே சிப்புக்கான ஒன்றை எங்கோ தேடிப் பிடித்துப் போட்டார். டேப்லெட் எழுந்துவிட்டது, ஆனால் இடது ஓரத்தைத் தொட்டால் வலது ஓரம் திறந்தது. ஒரே போர்டில் வேறுவேறு தொடுதிரைகளை மாட்டி விற்பது இந்த விலையில் சகஜம். ஒன்றின் ஃபர்ம்வேர் இன்னொன்றுக்குச் சரிப்படாது. “கரெக்டான ஃபைல் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை சார்” என்றார் தம்பி. அவர் மேல் தப்பே இல்லை. பையன் அதற்கும் பழகிவிட்டான் என்பது வேறு விஷயம்.

கடையில் மெகாபிக்சலும் ராமும் விசாரிக்கிறோம். பணம் கொடுக்கும் முன், அந்த மாடல் எண்ணுக்கு ஃபர்ம்வேர் தருகிறார்களா என்று கம்பெனி தளத்திலும் ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால் வேறு டேப்லெட் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், அது நன்றாக ஓடும்போதே படங்களைக் கணினிக்கு நகல் எடுத்துவிடுங்கள். அக்கவுண்ட் பாஸ்வேர்டையும் எழுதி வையுங்கள்: ஐபேடானாலும் ஆண்ட்ராய்டானாலும், எல்லாம் அழிந்து புதிதாக எழுந்த பிறகு பெரும்பாலும் பழைய அக்கவுண்டைக் கேட்கும். தெரியாவிட்டால் உள்ளே விடாது.